கடைசி மூட்டை வைக்கும் விலை!

நுகர்வோரை நடுநாயகமாக வைத்துச் சட்டம் செய்திருக்கிறோம் என்றார்கள். நாட்டுக்கு நாடு வேலி உண்டு, மின்சாரத்துக்கு மட்டும் வேலி வேண்டாம் என்றார்கள். கரியும் புகையும் கழிந்து, காற்றும் கதிரவனும் கைகொடுக்கும் காலம் பிறக்கிறது என்றார்கள். 2019-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியம் மின்சாரச் சந்தைக்கென்று இரண்டு பெரும் சட்டங்களை நிறைவேற்றியபோது எழுந்த முழக்கம் இது. நல்ல முழக்கம்தான். நாம் குறை சொல்ல மாட்டோம்.

மூன்றே ஆண்டுகள் சென்றன, தோழர்களே! 2022-ஆம் ஆண்டு. நடுநாயகமாக அமர்த்தப்பட்டவன் நடுங்கிக்கொண்டிருந்தான். கணப்பு மூட்டக் காசில்லை. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, அடுத்த மாதக் கட்டணச் சீட்டை எண்ணி விழித்திருந்தான். அவன் வீட்டுக்கு வந்த மின்சாரத்தில் ஒரு பங்கு காற்றாலையிலிருந்து வந்தது. காற்று அந்த ஆண்டு விலையை ஏற்றிக்கொண்டதா? இல்லை. மலையருவி கூலி உயர்வு கேட்டதா? இல்லை. கதிரவன் கட்டணம் கேட்டானா? அதுவும் இல்லை. பிறகு ஏன் ஏறிற்று விலை? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால், அந்தச் சட்டத்தின் நெஞ்சாங்குலையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள்.

விடை இருக்கும் இடம் ஒரு கணக்கு. ஒவ்வொரு நாளும் நண்பகல் 12 மணிக்கு, போர்ச்சுகல் முதல் பின்லாந்து வரையில் உள்ள மின் நிலையங்கள், நாளைய மின்சாரத்தை இன்ன விலைக்குத் தருகிறோம் என்று சீட்டுக் கொடுத்தாக வேண்டும். வாங்குவோரும் தங்கள் தேவையைச் சொல்லியாக வேண்டும். யூபீமியா என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு கணிப்பொறி முறை, அத்தனை சீட்டையும் அடுக்கி, எந்த நாட்டுக் கம்பியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் விலை சொல்லிவிடும். முன்பு மணிக்கு ஒரு விலை. 2025 அக்டோபர் முதல் கால்மணிக்கு ஒரு விலை!

எப்படிச் சொல்கிறது அந்த விலையை? நம் ஊர்ச் சந்தைக்கு வாருங்கள். ஊருக்கு 100 மூட்டை வெங்காயம் தேவை. 90 மூட்டை பக்கத்திலிருந்து மலிவாக வந்து இறங்குகிறது. மீதிப் பத்து மூட்டை எங்கோ தொலைவிலிருந்து, லாரி வாடகை, சுங்கம், சுமைகூலி எல்லாம் சேர்த்து ஏகப்பட்ட செலவில் வந்து சேருகிறது. அந்தக் கடைசி மூட்டையும் இல்லாமல் ஊர் உலை கொதிக்காது. ஆகவே கடைசி மூட்டைக்காரன் கேட்கும் விலையே அன்றைய விலை. அது மட்டுமா? மலிவாக வந்த 90 மூட்டைக்கும் அதே விலை!

இதுதான் ஐரோப்பிய மின்சந்தையின் முறை. முதலில் நிற்பது காற்றாலையும் சூரிய மின்சாரமும், ஏனென்றால் எரிபொருட் செலவே கிடையாது. அடுத்து அணு. அதன் பின்னே நிலக்கரி, எரிவாயு. எந்த நிலையத்தோடு தேவை நிறைவடைகிறதோ அந்தக் கடைசி நிலையம் கேட்கும் விலை எல்லோருக்கும் விலை. கடைசியில் நிற்பது பெரும்பாலும் எரிவாயு.

இந்த முறைக்கு ஆதரவாளர் சொல்லும் காரணம் அறவே பொய்யல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலிவானதே முதலில் ஓடும், விலையுயர்ந்தது வேண்டியபோது மட்டும் ஓடும். காற்றாலை கட்டியவனுக்கு இலாபம் கிடைக்கும், அந்த இலாபத்தைக் கண்டு இன்னொருவன் காற்றாலை கட்டுவான், நாளடைவில் எரிவாயு தேவைப்படும் நேரமே குறையும் என்கிறார்கள். சாதாரண நாட்களில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நெருக்கடிக்கு முன் பல நாடுகளின் மொத்தச் சந்தையில் ஆயிரம் யூனிட் சுமார் 30, 40 யூரோவுக்குக் கிடைத்துவந்தது. அதாவது யூனிட்டுக்கு 3, 4 செண்டு.

ஆனால் சாதாரணமல்லாத நாள் வந்ததே!

2021-இலேயே எரிவாயு வரத்து இறுகத் தொடங்கிற்று. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. குழாய்கள் ஒவ்வொன்றாக வறண்டன. பிரான்சு நாட்டின் அணு உலைகள் பல, குழாய்களில் அரிப்புக் கண்டு பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்தன. வானம் பொய்த்து அணைகளும் வற்றின. முன்பு 20 யூரோ அளவில் இருந்த எரிவாயு, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. கடைசி மூட்டைக்காரன் கொள்ளை விலை கேட்டான். அவன் பின்னே ஒளிந்துகொண்டு எல்லோரும் அதே விலையைப் பெற்றார்கள். செருமனியிலும் பிரான்சிலும் மொத்தச் சந்தையிலேயே யூனிட் 60 செண்டைத் தாண்டிய நாட்கள் அந்த ஆகஸ்டில் உண்டு. என்றோ கட்டி, என்றோ கடன் தீர்ந்துபோன நீர்மின் நிலையம்கூட அந்த விலைக்கு விற்றது!

இது ஐரோப்பாவின் கதை, நமக்கென்ன என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள். 2008-இல் தொடங்கிய இந்திய மின்பரிமாற்றகத்தின் மறுநாள் சந்தையிலும் கடைசி மூட்டைக் கணக்குத்தான். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொடர் வடக்கோடு இணைக்கப்பட்டுவிட்டது. பற்றாக்குறை நாளில் நம் மின்வாரியமும் அந்தச் சந்தையில்தான் கைநீட்ட வேண்டியிருக்கிறது. 2022-இன் வேனிலில் இங்கும் விலை துள்ளியபோது, யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் கூடாது என்று மத்திய ஒழுங்குமுறை ஆணையம் கடிவாளம் போட வேண்டியதாயிற்று. ஆகவே அடுத்த தெருவில் பிடித்த நெருப்பு என்றெண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பிய அரசுகள் என்ன செய்தன? சந்தையைக் கைகூப்பி வணங்கிக்கொண்டிருந்தவர்களே சந்தையின் சட்டையைப் பிடித்தார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் முந்திக்கொண்டு, 2022 ஜூனிலிருந்து, மின்சாரம் எடுக்க எரிக்கும் எரிவாயுவுக்குக் கணக்கு விலை ஒன்றை வகுத்து, அதற்கு மேற்பட்ட செலவைத் தனியே ஈடுகட்டின. கடைசி மூட்டைக்காரன் கேட்ட விலை மற்ற மூட்டைகளுக்கு ஏறாமல் பார்த்துக்கொண்ட உபாயம் அது. அக்டோபர் 6-இல் ஒன்றியம் முழுமைக்கும் அவசரச் சட்டம் வந்தது. காற்று, கதிரவன், அணு போன்ற மலிவு நிலையங்கள் ஆயிரம் யூனிட்டுக்கு 180 யூரோவுக்கு மேல் பெறும் வருமானத்தை அரசு எடுத்து மக்களின் சுமையைக் குறைக்கலாம் என்றது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அடுத்த ஆண்டு ஜூன் முடிய அது நடந்தது.

நாம் கேட்கிறோம்: சந்தை சொன்ன விலையே சரியான விலை என்றால், 18 செண்டுக்கு மேற்பட்டதை ஏன் எடுத்தீர்கள்? எடுத்தது சரி என்றால், அந்த விலை சரியில்லை என்பதை ஒப்புக்கொண்டீர்கள் என்றுதானே பொருள்?

ஒப்புக்கொண்டும் குளிர் ஓயவில்லை. வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னவர்கள், ஒன்றியத்தின் சொந்தப் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி, 2022-இல் நூற்றுக்கு 9.3 பேர். 2023-இல் 10.6 பேர். பத்தில் ஒருவருக்கு மேல்! ஏழை நாடுகள் என்று நாம் கேட்டுப் பழகிய நாடுகளல்ல. மாளிகையும் மண்டபமும் மலிந்த கண்டம். அங்கே பத்துக் கதவைத் தட்டினால் ஒரு கதவுக்குப் பின்னால் ஒருவன் பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தான்.

அவனிடம் சட்டம் என்ன சொல்லிற்று? தேர்ந்தெடு என்றது.

ஆம், தேர்ந்தெடுக்கும் உரிமை! 1996-இல் தொடங்கிப் படிப்படியாகக் கதவு திறந்து, 2007 ஜூலை முதல் எந்த வீட்டுக்காரரும் எந்தக் கம்பெனியிடமும் மின்சாரம் வாங்கலாம் என்றாகிவிட்டது. 2019 சட்டம் அதை மேலும் அலங்கரித்தது. கம்பெனிகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க இலவச வசதி. நொடிக்கு நொடி கணக்குச் சொல்லும் நுண்ணறி மீட்டர். 2026-க்குள், கம்பெனி மாறும் வேலை 24 மணி நேரத்தில் முடிய வேண்டும். 2 இலட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர் கொண்ட ஒவ்வொரு கம்பெனியும், சந்தை விலையோடு ஏறி இறங்கும் ஒப்பந்தம் ஒன்றையும் கேட்பவருக்குத் தந்தாக வேண்டும். மலிவு நேரம் பார்த்துத் துணி துவைக்கலாம், மலிவு நேரம் பார்த்து மின்வண்டிக்கு ஊட்டலாம்!

மின்வண்டி வைத்திருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. செருமனியில் 2024-இல் மட்டும் 457 மணி நேரம் மொத்தச் சந்தையில் விலை சுழிக்கும் கீழே போயிற்று. மின்சாரத்தை எடுத்துக்கொண்டு போனால் காசும் தருகிறோம் என்ற நிலை! வெயிலும் காற்றும் கூடிக் கொட்டிய நேரம் அது. ஆனால் இரவு வேலை முடித்து வந்து, வாடகை அறையில், ஒரு விளக்கும் ஓர் அடுப்பும் வைத்திருக்கும் தொழிலாளி எதைத் தள்ளிவைப்பான்? கஞ்சியை நண்பகலில் காய்ச்சி நள்ளிரவில் குடிப்பானா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது, மொத்தச் சந்தையில் யூனிட் 9 டாலர் என்று நாட்கணக்கில் நின்றது. சந்தை விலை ஒப்பந்தத்தில் இருந்த குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணச் சீட்டு வந்தது. அவர்களும் தேர்ந்தெடுத்தவர்கள்தாம்!

இந்த அடியெல்லாம் பட்ட பிறகுதான், 2024 ஜூன் 13-இல் சட்டங்களைத் திருத்தினார்கள். இந்தத் திருத்தத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. குறித்த காலத்துக்குக் குறித்த விலை என்ற ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெறும் உரிமை வந்தது. காலம் முடியுமுன் கம்பெனி தன் விருப்பத்துக்கு அதை மாற்றவோ கைவிடவோ கூடாது. கம்பெனி கவிழ்ந்தால் இருளில் விடாமல் இருக்க, கடைசிப் புகலிடமாக ஒரு வழங்குநரை அரசு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வறுமையாலும் நலிவாலும் கட்ட முடியாதவர் வீட்டில் பியூஸைப் பிடுங்குவதற்கு எதிரான பாதுகாப்பு ஏட்டில் ஏறியது. பியூஸைப் பிடுங்க வந்து நிற்கும் ஆளின் முகத்தைக் கண்டவர்களுக்குத்தான் அந்த ஒரு விதியின் மதிப்புத் தெரியும்.

புதிதாக எழும் காற்றாலை, சூரிய, அணு நிலையங்களுக்கு அரசு விலை ஆதரவு கொடுத்தால், அது இருபக்க ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். ஒரு விலை பேசிக்கொள்வது. சந்தை அதற்குக் கீழே போனால் அரசு ஈடு கொடுக்கும். மேலே போனால் மிச்சத்தை நிலையம் திருப்பித் தர வேண்டும், அது மக்களுக்கு வர வேண்டும். நட்டம் வந்தால் நாட்டுக்கு, இலாபம் வந்தால் எனக்கு என்ற பழைய பாட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் 2027 ஜூலை 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்குத்தான் இந்தக் கட்டாயம். பழைய நிலையங்கள் பழையபடிதான். கடைசி மூட்டைக் கணக்கு? அதன் மீது கை வைக்கவேயில்லை!

நெருக்கடி மறுபடியும் வந்தால்? அதற்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். பூட்டைப் பாருங்கள். மொத்த விலை, கடந்த 5 ஆண்டுச் சராசரியைப் போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும், 180 யூரோவுக்கும் குறையக் கூடாது, அந்த நிலை 6 மாதம் நீடிக்கும் என்றும் தோன்ற வேண்டும். அத்தோடு சில்லறை விலை 70 விழுக்காடு போல் எகிறி, 3 மாதமாவது நிற்கும் என்று தெரிய வேண்டும். இத்தனையும் கூடிய பின், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி, ஆம், நெருக்கடிதான் என்று அறிவிக்கலாம். அப்போது, நடுத்தர வீட்டுச் செலவில் 80 விழுக்காடு வரை மின்சாரத்தை அரசு அடக்கவிலைக்கும் கீழே தரலாம். இரண்டே கால் மடங்கு ஏறினால்? ஏட்டின்படி அது நெருக்கடி அல்ல! ஏறியது ஏறியதுதான், கட்டியது கட்டியதுதான். வயிற்றுக்கு மடங்குக் கணக்குத் தெரியாது என்பதை அந்த மண்டபத்தில் யாராவது எடுத்துச் சொன்னார்களா, நாமறியோம்.

ஒருங்கிணைந்த சந்தை என்கிறார்களே, அந்த ஒருங்கிணைப்பில் பயனில்லையா? உண்டு. நாட்டு எல்லையைக் கடக்கும் கம்பிகளின் திறனில் 70 விழுக்காட்டையாவது வணிகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்பது 2019 விதி. ஒரு நாட்டில் காற்று ஓய்ந்தால் இன்னொரு நாட்டு அருவி கைகொடுக்கும். உக்ரைன், போருக்கு நடுவே, 2022 மார்ச் 16-இல் ஐரோப்பியத் தொடரோடு இணைந்து நிமிர்ந்தது. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் ரஷ்யத் தொடரை அறுத்துக்கொண்டு 2025 பிப்ரவரி 9-இல் வந்து சேர்ந்தன. இன்னொன்றையும் நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பி பொது, சந்தை பொது, சட்டம் பொது. ஆனால் எந்த எரிபொருளில் மின்சாரம் எடுப்பது என்ற தேர்வு அந்தந்த நாட்டின் உரிமை என்று ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமே எழுதிவைத்திருக்கிறது. அணு வேண்டும் என்கிறது பிரான்சு. வேண்டாம் என்று 2023 ஏப்ரலில் கடைசி உலையையும் மூடியது செருமனி. இரண்டும் ஒரே சந்தையில்தான் நிற்கின்றன! ஒன்றுபடுவதற்கு ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டியதில்லை போலும்.

இனி நிலக்கரிக்கு வருவோம். நமக்கு நெருக்கமான இடம் அது. ஏனென்றால் அங்கே இருப்பவன் வாடிக்கையாளன் மட்டுமல்ல, தொழிலாளி. எப்போதாவது தேவைப்படும் என்று தயாராக நிற்கும் மின் நிலையங்களுக்கு ஐரோப்பாவில் காத்திருப்புக் கூலி உண்டு. ஒரு யூனிட்டுக்கு 550 கிராமுக்கு மேல் கரியமிலவாயு கக்கும் புது நிலையத்துக்கு அந்தக் கூலி கிடையாது என்றது 2019 சட்டம். பழையவற்றுக்கும் 2025 ஜூலை முதல் கிடையாது, விதிவிலக்குகள் ஒருபுறமிருக்க. 550 என்ற எண் நிலக்கரி நிலையம் நுழைய முடியாத வாசல். சட்டத்தில் நிலக்கரியைத் தடை செய்கிறோம் என்ற சொல் வேண்டியதில்லை, எண்ணே போதும். 2024-இல் ஒன்றியத்தில் சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தை முந்திவிட்டது. புகை குறைந்தது நல்லதே. உலகம் சூடேறுவதில் முதலில் வேகுபவன் வெயிலில் உழைப்பவன்தான்.

ஆனால் சுரங்கத்தில் இருந்தவன் எங்கே போனான்? செருமனியின் பாட்ரோப் நகரில் 2018 டிசம்பர் 21 அன்று, நாட்டின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கடைசிக் கட்டி நிலக்கரியை மேலே கொண்டுவந்து குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தார்கள். 2007-இலேயே முடிவு செய்து, ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு, முன்கூட்டிய ஓய்வு, மாற்றுவேலை என்று படிப்படியாக இறக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பெயின் அரசும் தொழிற்சங்கங்களும் சுரங்க வட்டாரங்களுக்காக 25 கோடி யூரோ ஒப்பந்தம் செய்துகொண்டன. போலந்தில் சங்கங்கள் மேசையை விட்டு எழவில்லை. 2049 வரை படிப்படியாகத்தான் மூடலாம் என்று 2021-இல் எழுதி வாங்கின. 2049 நெடுந்தொலைவு, அதற்குள் புகை என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று இடத்திலும் தொழிலாளிக்குக் கிடைத்தது சங்கத்தின் கையெழுத்தால் கிடைத்தது. நண்பகல் 12 மணிக் கணிப்பொறியில் அதற்கு இடமேயில்லை.

சரி, புதிதாக எழும் காற்றாலை யாருடையது? கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 20 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. மிடில்கிருண்டன் என்று பெயர். 2000-ஆம் ஆண்டு எழுந்தவை. அவற்றில் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு போட்டு அமைத்த கூட்டுறவுக்குச் சொந்தம்! 2019 சட்டம் இத்தகைய மின்சாரக் கூட்டுறவுகளுக்கு ஒன்றியம் முழுவதும் சட்டத் தகுதி அளித்தது. செருமனியில் அடுக்குமாடி வாடகைக்காரர்கள் பால்கனிக் கம்பியில் சூரியத் தகடு கட்டி, 800 வாட் வரை தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பதிவு செய்யப்பட்டவை 10 இலட்சத்துக்கு மேல். வீட்டுக்காரரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலைமையையும் 2024-இல் அங்கே சட்டம் தளர்த்தியது.

பால்கனியும் இல்லாதவன்? நிலவறையில் குடியிருப்பவன்? அவனும் வேறொரு கூரையில் விளையும் மின்சாரத்தில் பங்கு பெறலாம், அது அவன் கட்டணத்தில் கழிக்கப்படும் என்கிறது 2024 திருத்தம். நகராட்சி போன்ற பொது அமைப்புகள் இத்தகைய பங்கீட்டை நடத்தினால், அதில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்காவது, கட்டணம் கட்டத் திணறும் ஏழை வீடுகளுக்குப் போகச் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். குளிரில் நடுங்கியவர் பத்தில் ஒருவருக்கு மேல். ஒதுக்கச் சொன்னது பத்தில் ஒன்று. ஏறத்தாழக் கணக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த விதியைக் கூர்ந்து படியுங்கள், தோழர்களே. கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. அரசுகள் இயன்றவரை முயல வேண்டும் என்றுதான் இருக்கிறது.